குளிக்கிற அறையில் பட்டி விளக்கு



தீபாவளிக்குக் கொழும்பிலிருந்து வரும் பிள்ளைகள் இப்போது உடுப்போடு எல்.இ.டி. பட்டி விளக்கையும் கொண்டு வருகிறார்கள். வாசலில் போட்டது போக மிச்சத்தைக் குளிக்கிற அறையில் ஒட்டுகிறார்கள். வேண்டாம் என்று சொல்ல நான் வரவில்லை. இருட்டில் வழுக்கி விழுகிற வயசானவங்களுக்கு அந்த வெளிச்சம் நல்லதுதான். ஆனால் எந்தப் பட்டி என்று பார்க்கணும்.

கடையில் இரண்டு வகை உண்டு. ஒன்று, பிளக்கை நேரே சுவரில் குத்துவது. அதற்குள் ஓடுவது வீட்டு மின்சாரம், 230 வோல்ட். வெட்டிய நுனியில் ஈரக் கை பட்டால் உயிர் போகும். அதைக் குளிக்கிற அறைக்குள் கொண்டு போகவே கூடாது. மற்றது 12 வோல்ட் பட்டி. அடப்டர் என்கிற சின்னப் பெட்டி 230ஐ 12 ஆக்கிக் கொடுக்கும். இதைத்தான் வாங்கணும். ஆனால் 12 வோல்ட்தானே என்று அடப்டரையும் உள்ளே தொங்கவிட்டால் பழைய கதைதான். அடப்டர், பிளக், சுவிட்ச் மூன்றும் வெளியே, சாரல் படாத இடத்தில் இருக்கணும். மெல்லிய வயர் மட்டும் உள்ளே போகட்டும்.

பெட்டியில் ஐ.பி. 65 அல்லது 67 என்று இருக்கா பாருங்க. தண்ணீருக்குத் தாங்கும் என்று அர்த்தம். பட்டியை வெட்டினால் நுனிக்கு மூடி போட்டு சிலிக்கன் பூசணும். பைப் பக்கம் வேண்டாம், கூரையோரம் உயரத்தில் ஒட்டுங்க. நம்ம பனிக்குச் சுவர் வியர்த்துப் பசை விட்டுடும், கிளிப்பும் போடுங்க.

இன்னொன்று சொல்லணும், கோபிக்க வேண்டாம். மழை நாளில் அடிக்கடி விழுகிறது என்று ட்ரிப் சுவிட்சை விட்டுட்டு நேரே வயர் கொடுத்திருக்கிற வீடுகள் உண்டு. 30 மில்லி அம்பியர் கசிந்தால் விழுகிற மாதிரித்தான் அதைச் செய்திருக்கு. பழைய 60 வாற்ஸ் குமிழ் எடுக்கிற கரண்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அவ்வளவே இதயத்தை நிறுத்தப் போதும். அது விழுந்தால் எங்கோ கசிகிறது. தெரிந்த எலக்ட்ரீசியனைக் கூப்பிடுங்க. மாதம் ஒருமுறை அதிலுள்ள டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்க. விழாவிட்டால் மாற்றணும்.

யாருக்காவது கரண்ட் பிடித்தால் ஓடிப் போய்த் தொடாதீங்க. முதலில் மெயினை நிறுத்துங்க. பிறகு 1990க்கு அடிங்க. அம்புலன்ஸுக்குக் காசு இல்லை. மேட்டு லயத்துக்கு வண்டி ஏறாது என்றால், எந்தச் சந்தியில் ஆள் நிற்கும் என்று அப்போதே சொல்லிவிடுங்க.