இன்குபேட்டர் வாங்கும் முன் அறையை அளப்போம்

(மாவட்ட அளவிலான அறிவியல் ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)



ஆய்வகக் கருவிகள் கொள்முதல் பற்றிப் பேசச் சொன்னார்கள். நுண்ணோக்கி, தராசு பற்றியெல்லாம் பேசலாம். நான் இன்குபேட்டரை மட்டும் எடுத்துக்கொள்கிறேன். அதில்தான் நான் ஏமாந்தேன். என்னை ஏமாற்றியவர் யாருமில்லை. தேவைப்பட்டியலை எழுதியதே நான்தான்.

எங்கள் பள்ளி வேலூர் மாவட்டத்தில் இருக்கிறது. முன்னாள் மாணவர்கள் நன்கொடை தந்தார்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் தீர்மானம் போட்டு, மூன்று விலைப்புள்ளி வாங்கி, எல்லாம் முறைப்படி நடந்தது. பட்டியலில் நான் எழுதிய வரி இவ்வளவுதான்: ‘இன்குபேட்டர் – 1’. அப்படி எழுதினால் குறைந்த விலைக்குக் கிடைப்பது வரும். வந்தது.

அந்த ஜூலையில் பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒரு கேள்வியோடு வந்தாள். அவள் அப்பா நெல் நடுவதற்கு முன் தக்கைப்பூண்டு விதைத்து மடக்கி உழுகிறார். “வேர்முடிச்சுல பாக்டீரியா இருக்குன்னு புத்தகத்துல போட்டிருக்கே டீச்சர், அப்பாவுக்குக் கண்ணால காட்ட முடியுமா?” என்றாள். காட்டலாம் என்றேன். பக்கத்துக் கல்லூரியில் காங்கோ சிவப்புச் சாயம் கலந்த ஊட்டத் தட்டுகளைக் கேட்டு வாங்கி வந்தோம். ரைசோபியம் அந்தச் சாயத்தை அதிகம் உறிஞ்சாமல் வெளுப்பாக நிற்கும். வேறு பாக்டீரியாக்கள் பல சிவந்துவிடும். அவள் முடிச்சுகளைக் கழுவி, கிருமிநீக்கி, நசுக்கி, தட்டில் கோடிழுத்தாள். இன்குபேட்டரில் 28 டிகிரி வைத்து மூடினோம்.

மூன்றாம் நாள் திறந்தால் காட்டியில் 39. தட்டின் ஓரமெல்லாம் காய்ந்து சுருங்கியிருந்தது. நடுவே நாலைந்து சிவப்புப் புள்ளிகள். அந்தப் பிள்ளை, “நான் தப்பா செஞ்சுட்டேனா டீச்சர்?” என்று கேட்டாள்.

கருவி பழுது என்று நினைத்து விற்றவரை அழைத்தேன். “மேடம், அது சூடு பண்ணும். குளிர வைக்காது” என்றார். சரியாகத்தான் சொன்னார். சாதாரண இன்குபேட்டரில் இருப்பது ஒரு சூடேற்றும் கம்பியும், வெப்பநிலை ஏறியதும் அதை அணைக்கும் கட்டுப்பாடும்தான். அறை வெப்பத்தைவிட ஏறத்தாழ 5 டிகிரி மேலேதான் அதனால் நிலையாக நிற்க முடியும். அதன் விவரத்தாளில் ‘அறை வெப்பநிலை கூட்டல் 5 முதல்’ என்று அச்சிட்டே இருந்தது. எங்கள் ஆய்வகத்தில் பிற்பகல் வெப்பம் 34. அப்புறம் 28 எப்படி வரும்? குளிர்நாட்டில் அறை 20 டிகிரி இருக்கும். அங்கே இதே கருவி 28 டிகிரியை அழகாகக் காக்கும். நமக்கு மே மாதத்தில் 40 தாண்டுகிறது.

ஆகவே முதலில் விலைப்பட்டியலைப் பார்க்காதீர்கள். அறையில் ஒரு வெப்பமானியை மாட்டுங்கள். காலை ஒன்பது மணி, பிற்பகல் இரண்டு மணி என்று இரண்டு முறை குறித்து வையுங்கள். அடுத்து, உங்கள் சோதனைகளுக்கு என்ன வெப்பம் தேவை என்று பாருங்கள். உமிழ்நீர் அமைலேஸ் சோதனைக்கு 37 வேண்டும்; ஆனால் அதற்கு இன்குபேட்டரே வேண்டாம், வெந்நீர்த் தொட்டி போதும். ஈஸ்ட், ரைசோபியம் இரண்டுக்கும் 28, 30 போதும். கோழி முட்டைக்கு 37.5 டிகிரியை ஒட்டி 21 நாள், அதோடு ஈரப்பதமும், முட்டையைத் திருப்பிவிடுவதும் வேண்டும். அதற்குத் தனிக் கருவி உண்டு, ஆய்வக இன்குபேட்டரில் முயல வேண்டாம். குடிநீரில் மலக்கலப்பு இருக்கிறதா என்று பார்க்கும் ஹைட்ரஜன் சல்பைடு குப்பி, 1982இல் நம் நாட்டு ஆய்வாளர்கள் வெளியிட்ட எளிய முறை. அது நம் அறை வெப்பத்திலேயே ஓரிரு நாளில் கருத்துக் காட்டிவிடும்.

அறைக்குக் கீழான வெப்பம் வேண்டுமென்றால் குளிரூட்டும் கம்ப்ரசர் உள்ள பி.ஓ.டி. இன்குபேட்டர்தான் வழி. கழிவுநீரின் ஆக்சிஜன் தேவையை 20 டிகிரியில் 5 நாள் வைத்துப் பார்க்கும் சோதனைக்காக வந்த பெயர் அது. நம் இந்தியத் தரமுறையில் அதே சோதனை 27 டிகிரியில் 3 நாள். நம் ஊர் வெப்பத்தை யோசித்து மாற்றியிருக்கிறார்கள் பாருங்கள்! விலை அதிகம்தான். எல்லாப் பள்ளிக்கும் வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன்.

37 டிகிரி பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ‘37 வரும், பாக்டீரியா நன்றாக வளரும்’ என்று ஆசைப்பட்டு வாங்குகிறோம். அது நம் உடல் வெப்பம். நம் உடலில் நோய் உண்டாக்கும் கிருமிகளுக்கும் அதுவே உகந்த வெப்பம். கைவிரல், கைப்பேசி, கழிவறைக் கதவு என்று மாணவர்கள் தொட்டெடுத்து வந்ததை 37இல் வளர்ப்பது பள்ளியில் செய்யக் கூடாத வேலை. பல நாடுகளின் பள்ளிகளில் 25 டிகிரியை ஒட்டித்தான் வளர்க்கிறார்கள். எங்கள் வகுப்பில் ஒருவன் ஒட்டுநாடாவைப் பிரித்து மூடியைத் திறந்து முகர்ந்தே பார்த்துவிட்டான். எதுவும் ஆகவில்லை. ஆனால் அன்றிரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அதன்பின் தட்டுகளை ஒட்டியபடியே பார்க்கிறோம்; பார்த்து முடித்ததும் பிரஷர் குக்கரில் வேகவைத்துத்தான் அப்புறப்படுத்துகிறோம்.

அளவுக்கு வருகிறேன். பெரியது வாங்கினால் நல்லது என்று தோன்றும். உள்ளறை 12 அங்குலக் கனசதுரம் என்றால் ஏறத்தாழ 28 லிட்டர். ஒரு தட்டில் ஒன்பது அடுக்கு வைக்கலாம். அடுக்குக்கு நான்கு பெட்ரி தட்டு, இரண்டு தளம் என்றால் 72. நாற்பது பிள்ளைகளைப் பத்துக் குழுவாக்கி, குழுவுக்கு இரண்டு தந்தாலும் இருபதுதான். பிறகு எதற்கு 95 லிட்டர்? உள்ளே மின்விசிறி இருந்தால் வெப்பம் சீராகப் பரவும், ஆனால் ஊட்டம் சீக்கிரம் காயும். ஒரு கிண்ணம் தண்ணீர் வையுங்கள். உள்ளே கண்ணாடிக் கதவு கட்டாயம் கேளுங்கள், நம் பிள்ளைகள் எத்தனை முறை திறப்பார்கள் என்று உங்களுக்கே தெரியும். வெப்பம் மீறினால் தானே அணையும் ஏற்பாடு இருக்கிறதா என்றும் பாருங்கள். ‘ஓவனும் இதுவே, இன்குபேட்டரும் இதுவே’ என்று வருவதை நான் வாங்க மாட்டேன். 200 டிகிரிக்கு மேல் போகும் கருவி 30இல் தடுமாறும்.

கருவி வந்ததும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். தண்ணீர் நிரப்பிய சிறு குப்பிகளில் வெப்பமானிகளைச் செருகி, மேலும் கீழும் மூலைகளில் வைத்து, ஒருநாள் முழுக்க ஓட்டுங்கள். காட்டியில் தெரியும் எண்ணையும் வெப்பமானியில் தெரிவதையும் ஒப்பிடுங்கள். மெயின் சுவிட்சை அணைத்து எவ்வளவு நேரம் சூடு தாங்குகிறது என்றும் பாருங்கள். நம் ஊரில் மின்சாரம் போகாத நாள் எது?

அந்த மாணவிக்கு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அவளே ஒரு வழி கண்டாள். வீட்டிலிருந்து மண்பானை கொண்டு வந்தாள். பெரிய தொட்டியில் மணல் போட்டு நனைத்து, அதில் பானையைப் பதித்து, உள்ளே தட்டுகளைக் கவிழ்த்து வைத்து, ஈரத்துணியால் மூடினாள். பிற்பகலில் 30, விடியற்காலையில் 27. நான்காம் நாள் கோட்டின் மேல் பால்துளி போல வெளுத்த புள்ளிகள். அவள் அப்பா வயல் வேலையை விட்டுவிட்டு வந்து, ஒட்டிய தட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

பழைய இன்குபேட்டர் இன்னும் ஓடுகிறது. தயிர் உறைவதை வெவ்வேறு வெப்பநிலையில் ஒப்பிட 40, 43 டிகிரிக்கு அருமையாக உதவுகிறது. புதியதற்கான தேவைப்பட்டியல் இப்போது ஒரு முழுப் பக்கம். அதோடு ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் ஓராண்டு குறித்துவைத்த அறை வெப்பநிலைப் பதிவேட்டின் நகலையும் இணைத்திருக்கிறேன். வேண்டுவோர் உணவு இடைவேளையில் என்னிடம் வாங்கிப் பார்க்கலாம்.