ஒல்ஜாஸ் சுலைமெனோவ்: கவிதையும் ஆட்சியும்



1989ஆம் ஆண்டு பிப்ரவரி 25ஆம் நாள் கஜகஸ்தான் தொலைக்காட்சியில் ஒரு கவிஞர் தோன்றினார். சோவியத் மக்கள் பிரதிநிதிகள் பேரவைத் தேர்தலில் அவர் வேட்பாளர். வேட்பாளருக்கு உரிய நேரத்தில் அவர் வழக்கமான தேர்தல் உரை நிகழ்த்துவார் என்றே எதிர்பார்த்திருந்தனர். அவரோ செமிபலாத்தின்ஸ்க் அணு வெடிப்புக் களத்தைப் பற்றிப் பேசினார். அம்மாதம் 12ஆம் நாளும் 17ஆம் நாளும் நடந்த நிலத்தடி வெடிப்புகளில் கதிர்வீச்சு வாயு கசிந்து வெளியேறியது என்பதை நாடறியச் சொன்னார். அத்தகவல் இராணுவ வட்டாரத்திலிருந்தே அவருக்கு எட்டியிருந்தது. மூன்று நாள் கழித்து அல்மா ஆத்தா நகரில் உள்ள எழுத்தாளர் சங்கக் கட்டடத்திற்கு வருமாறு மக்களை அழைத்தார். பிப்ரவரி 28இல் சுமார் 5,000 பேர் திரண்டனர். மண்டபம் கொள்ளவில்லை, தெருவிலும் நின்றனர். அன்று பிறந்ததுதான் 'நெவாதா - செமிபலாத்தின்ஸ்க்' இயக்கம். அந்தக் கவிஞர் ஒல்ஜாஸ் சுலைமெனோவ்.

ஓர் அரசின் அணுகுண்டுச் சோதனையைக் கவிஞர் ஒருவரின் சொல் தடுத்தது என்றால் கேட்போர்க்குப் பெருமிதம் உண்டாகும். எழுதுகோல் பிடித்த எவருக்கும் உண்டாகத்தான் செய்யும். ஆயினும் அந்தச் சொல் எங்கிருந்து சொல்லப்பட்டது, அந்த இடத்தை அடைய அவர் என்ன விலை கொடுத்தார் என்பதையும் உடன் வைத்தே இவ்வாழ்க்கையைப் பார்க்க வேண்டும்.

சுலைமெனோவ் 1936ஆம் ஆண்டு மே 18ஆம் நாள் அல்மா ஆத்தாவில் பிறந்தார். தந்தை ஓமார் குதிரைப்படை அதிகாரி. ஸ்டாலின் காலத்து அடக்குமுறைக்கு இரையானவர். மகன் கஜாக் அரசுப் பல்கலைக்கழகத்தில் நிலவியல் பயின்று 1959இல் பொறியாளரானார். பின்னர் மாஸ்கோவின் கார்க்கி இலக்கியக் கழகத்தில் சேர்ந்தார், படிப்பு நிறைவுறவில்லை. மண்ணை அடுக்கடுக்காகப் பிரித்துப் பார்க்கும் பழக்கம் அவருடைய கவிதையையும் விடவில்லை. 1969இல் வெளிவந்த ஒரு தொகுதிக்குக் 'களிமண் நூல்' என்றே பெயர் வைத்தார். அவர் எழுதியது ருஷ்ய மொழியில். கஜாக் இனத்தவர் தம் தாய்மொழியில் எழுதாதது குறையா என்ற வழக்கு அந்நாட்டில் நெடுங்காலமாக உண்டு.

புகழ் ஒரே நாளில் வந்தது. 1961 ஏப்ரல் 12இல் யூரி ககாரின் விண்வெளிக்குச் சென்றார். அவ்வெற்றியைப் பாடி சுலைமெனோவ் எழுதிய நெடுங்கவிதை துண்டறிக்கைகளாக அச்சாகி, விமானத்திலிருந்து அல்மா ஆத்தா மீது தூவப்பட்டது. ககாரினின் ஏவுகணை எழுந்த பைக்கனூர் கஜகஸ்தானில் இருக்கிறது. அதே புல்வெளி நாட்டின் கிழக்கே, இர்த்தீஷ் ஆற்றை ஒட்டிய செமிபலாத்தின்ஸ்கில், 1949 ஆகஸ்டு 29 முதலே குண்டுகள் வெடித்துக்கொண்டிருந்தன. ஏவுகணையைப் பாட அனுமதி இருந்தது. குண்டைப் பற்றி வாய் திறக்க அனுமதி இல்லை. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத கவிஞர் வானத்தைப் பார்த்தார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை.

1975இல் அவர் வெளியிட்ட 'அஸ் இ யா' என்னும் உரைநடை நூல் அவர் வாழ்க்கையைத் திருப்பியது. 'அஸ்' என்பது பழைய ஸ்லாவிய மொழியில் 'நான்'. 'யா' என்பது இன்றைய ருஷ்ய மொழியில் 'நான்'. நடுவிலுள்ள 'இ' என்பதற்கு 'உம்' என்று பொருள். மூன்றையும் சேர்த்துச் சொன்னால் ருஷ்ய மொழியில் 'ஆசியா' என்று ஒலிக்கும். தலைப்பிலேயே நூலின் வாதம் அடங்கிவிட்டது. 1185ஆம் ஆண்டில் புல்வெளி மக்கள் மீது படையெடுத்துத் தோற்ற இளவரசன் ஈகோரைப் பற்றிய பழங்காவியம் ருஷ்ய இலக்கியத்தின் தலைமகன் போன்றது. அதில் விளங்காதன என்று விடப்பட்டிருந்த பல இடங்கள் துருக்கிய மொழிச் சொற்களே என்றார் சுலைமெனோவ். இரு மொழியும் அறிந்த கவிஞன் எழுதியதை ஒரு மொழி மட்டுமே அறிந்த பிற்காலத்தவர் படியெடுக்கையில் சிதைத்தனர் என்பது அவர் கருத்து.

அவர் கூறிய சொல்லாராய்ச்சி முடிவுகளில் பல, மொழியியலார் ஏற்கத்தக்கன அல்ல. இதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. லிகச்சோவ் போன்ற பேரறிஞர் எழுதிய மறுப்பில் புலமை நியாயம் இருந்தது. ஆனால் ஒரு நூலை மறுப்பது வேறு, கடைகளிலிருந்து அகற்றுவது வேறு. 1976 பிப்ரவரியில் மாஸ்கோ அறிவியல் கழகத்தில் அந்நூலை விசாரிக்கவென்றே ஒரு கூட்டம் கூடியது; தேசியவாதம் என்ற குற்றச்சாட்டு எழுந்தது. கஜகஸ்தான் கட்சித் தலைவர் குனாயெவ் பிரெஷ்னெவிடம் பரிந்து பேசியதால் ஆசிரியர் பெருந்தீங்கிலிருந்து தப்பினார். பிழையை ஒப்புக்கொள்ளும் கடிதம் ஒன்றும் அவர் பெயரில் நாளிதழில் வெளிவந்தது.

தந்தையை ஆட்சிக்குப் பறிகொடுத்தவர் எழுதித் தந்த கடிதம் அது. அதைக் கோழைத்தனம் என்று சொல்ல எளிது. அக்கடிதத்திற்குப் பின் அவருக்குப் பதவிகள் வந்தன: 1981இல் கஜகஸ்தான் திரைப்படத் துறைத் தலைமை, 1983இல் எழுத்தாளர் சங்கத்தின் முதற் செயலாளர் பொறுப்பு. 1989 பிப்ரவரியில் மக்களை எங்கே கூட்டுவது என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை; சங்கக் கட்டடம் அவர் பொறுப்பில் இருந்தது. 1976இல் வளையாதிருந்தால் ஒருவேளை அந்தத் தொலைக்காட்சி நேரமும் அவருக்குக் கிட்டியிராது. இது அவருடைய வளைதலுக்கு நியாயம் ஆகிவிடுமா என்பதைக் கவிஞர்கள்தாம் சொல்ல வேண்டும்.

இயக்கம் வளர்ந்த வேகம் சோவியத் நாட்டுக்குப் புதிது. பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டனர். கரகண்டா நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் உடன் நின்றனர். அமெரிக்காவின் நெவாதா பாலைவனத்திலும் இதேபோன்ற சோதனைக் களம் உண்டு. அங்கே நிலத்தை இழந்த ஷொஷோனி பழங்குடியினருடன் தோழமை காட்டவே இயக்கத்தின் பெயரில் நெவாதா சேர்ந்தது. செமிபலாத்தின்ஸ்க் வட்டாரம் கஜாக் மக்களுக்கு வெறும் புல்வெளியன்று. அவர்தம் மகாகவி அபாய் 1845இல் பிறந்த சிங்கிஸ் மலைப்பகுதி அக்களத்தை ஒட்டியே கிடக்கிறது. அபாயின் ஊரார்க்கு நாற்பதாண்டுக் காலம் வெடிப்பின் அதிர்வே நாட்காட்டியாக இருந்தது.

1989ஆம் ஆண்டுக்குத் திட்டமிட்டிருந்த 18 வெடிப்புகளில் 11 கைவிடப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 19இல் நடந்ததே அக்களத்தின் கடைசி வெடிப்பு. நாற்பதாண்டில் அங்கு நிகழ்ந்த சோதனைகள் மொத்தம் 456. சோவியத் அரசு 1990 அக்டோபரில் இன்னும் ஒரு குண்டை வடதுருவத் தீவான நோவயா ஸெம்ல்யாவில் வெடித்துவிட்டே ஓய்ந்தது என்பதையும் குறித்துக்கொள்ள வேண்டும். 1991 ஆகஸ்டு 29இல், முதல் குண்டு வெடித்த அதே நாளில், நஸர்பாயெவ் ஆணையிட்டுக் களத்தை மூடினார். பின்னாளில் ஐக்கிய நாடுகள் அவை அந்நாளையே அணுச் சோதனை எதிர்ப்பு நாளாக அறிவித்தது. ஆணையில் கையெழுத்திட்டவரின் பெயர் அரச விழாக்களில் ஓங்கி ஒலித்தது; தெருவில் நின்ற 5,000 பேருக்குப் பெயர் இல்லை.

நாடு தனிநாடானபின் சுலைமெனோவ் மக்கள் காங்கிரஸ் கட்சியின் தலைவரானார். 1994இல் நாடாளுமன்ற உறுப்பினர். குடியரசுத் தலைவர் பதவிக்கு நஸர்பாயெவுக்கு எதிரே நிற்கத் தக்கவர் என்று பேசப்பட்டார். 1995 மார்ச்சில் அந்த நாடாளுமன்றம் கலைக்கப்பட்டது. ஏப்ரலில் நடந்த பொதுவாக்கெடுப்பு நஸர்பாயெவின் பதவிக் காலத்தை 2000 வரை நீட்டியது. அதே ஆண்டு சுலைமெனோவ் இத்தாலிக்குத் தூதராக அனுப்பப்பட்டார். போட்டி ஒன்று போட்டியின்றியே முடிந்தது.

அண்டை நாடான உஸ்பெக்கிஸ்தானில் இன்னொரு கவிஞர் வேறு வழியில் சென்றார். முகமது சாலிஹ், 'எர்க்' கட்சியின் தலைவர், 1991 டிசம்பரில் கரிமோவை எதிர்த்துத் தேர்தலில் நின்றார். அரசுக் கணக்கின்படி அவர் பெற்றது 12 விழுக்காட்டுக்குச் சற்று மேல். 1993இல் நாட்டைவிட்டு வெளியேற நேர்ந்தது. 2000இல் அவர் இல்லாமலே நடந்த வழக்கில் பதினைந்தரை ஆண்டுச் சிறைத் தண்டனை. இவ்விருவரையும் அருகருகே வைக்கும்போது, ரோம் நகரத் தூதரகத்தை ஏளனம் செய்ய நாக்கு சற்றே தயங்குகிறது. சாலிஹின் நிமிர்வுக்கு முன் அத்தயக்கமும் கூசுகிறது.

சுலைமெனோவைக் கவிஞராக நிலைநிறுத்துபவை அறுபதுகளிலும் எழுபதுகளிலும் அவர் எழுதிய நூல்களே. ரோமில் அவர் கையில் எடுத்தது 1976இல் பறிபோன பழைய வேலையை: சொற்கள் எங்கிருந்து வந்தன, எழுத்துக்கு முன் குறி எவ்வாறு பிறந்தது என்ற ஆராய்ச்சி. 1998இல் அது 'எழுத்தின் மொழி' என்ற நூலாக வெளிவந்தது. இம்முறை அதை விசாரிக்க எந்தக் கூட்டமும் கூட்டப்படவில்லை.