கணிப்பொறியும் காலந்தவறாமையும்

கணிப்பொறியின் வேகத்தைப் பற்றிப் பேசாதார் இன்று அரியர். அதன் காலந்தவறாமையைப் பற்றிப் பேசுவோரோ மிகச் சிலர். இவ்விரண்டும் வெவ்வேறு குணங்கள் என்பதை நான் கற்றது ஒரு சிறிய இயந்திரப் பட்டறையில்தான்.

அப்பட்டறையின் உரிமையாளர் என் நண்பர். பழைய மில்லிங் இயந்திரம் ஒன்றில் ஸ்டெப்பர் மோட்டார்களைப் பூட்டி, லினக்ஸ் சி.என்.சி. என்னும் இலவச மென்பொருளின் துணையால், சாதாரண மேசைக் கணிப்பொறி ஒன்றைக் கொண்டு அதனை இயக்கிவந்தார். ஒரு நாள் அலுமினியத் தகட்டில் வெட்டிய வளைவு இடம் பெயர்ந்துவிட்டது. மறுநாள் அதே வேலை செவ்வையாக முடிந்தது. மூன்றாம் நாள் மீண்டும் தகடு பாழாயிற்று. "இதைவிட வேகமான கணிப்பொறியாக வாங்கிவிடலாமா?" என்று என்னைக் கேட்டார். வேகத்திற்கு அங்கே குறைவே இல்லை. அதன் செயலியில் நான்கு கோர்கள் இருந்தன. ஒவ்வொரு கோரும் தனித்து வேலை செய்யவல்ல ஒரு செயலகம்.

குறை எங்கே இருந்தது என்பதைச் சற்று விளக்குகிறேன். ஒவ்வொரு மின் துடிப்புக்கும் ஸ்டெப்பர் மோட்டார் ஒரு படி நகரும். இத்துடிப்புகளை மென்பொருளே உண்டாக்கும்போது, அது குறித்த இடைவெளியில் தவறாமல் விழித்தெழ வேண்டும். ஒரு விநாடியைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு மைக்ரோ விநாடி எனப்படும். 25 மைக்ரோ விநாடிக்கு ஒரு முறை என்று வைத்துக்கொண்டால், விநாடிக்கு 40,000 முறை விழித்தல் வேண்டும். அவற்றுள் 39,999 முறை சரியாக இருந்து ஒரே ஒரு முறை பிந்தினாலும், மோட்டார் திடீர் மாறுதலைத் தொடர மாட்டாமல் படி தவறிவிடக்கூடும். தவறியதைக் கணிப்பொறி அறியாது. அதன்பின் வெட்டுவன யாவும் பிழையான இடத்திலேயே விழும். ஆகவே இங்கே சராசரித் தாமதத்தைக் கணக்கிட்டுப் பயனில்லை. மிகப் பெரிய தாமதம் எவ்வளவு என்பதே கேள்வி.

அந்தத் தாமதம் எங்கிருந்து வருகிறது? வலையமைப்பு, வட்டு, விசைப்பலகை ஆகிய ஒவ்வொன்றும் இடையிடையே செயலியை அழைத்தவண்ணம் இருக்கின்றன. இயக்க முறைமையின் கடிகாரமும் விநாடிக்குப் பல நூறு முறை குறுக்கிடுகிறது. ஒரே கோர் இருந்த காலத்தில் இவை அனைத்தும் ஒரே வாசலில் நெருக்கியடித்தன. 2001-இல் ஐ.பி.எம். நிறுவனத்தின் பவர்-4 செயலி, ஒரே சில்லில் இரண்டு கோர்களைத் தாங்கி வந்தது. 2005-இல் மேசைக் கணிப்பொறிகளுக்கும் அவ்வசதி கிட்டிற்று. அதனால் ஒரு புதிய வழி திறந்தது: ஒரு கோரை ஒரே வேலைக்கென ஒதுக்கிவிடலாம்.

லினக்ஸில் இதனைச் செய்வது எளிது. தொடக்கத்திலேயே ஐசோல்-சி.பி.யூ.எஸ். என்னும் கட்டளையால் ஒரு கோரைக் குறித்துவிட்டால், பொது வேலைகள் அங்கே அனுப்பப்படமாட்டா. நேரந்தவறக் கூடாத வேலையை அதில் அமர்த்திவிட்டு, சாதனங்களின் அழைப்புகளை மற்றக் கோர்களுக்குத் திருப்பிவிட வேண்டும். அக்கோரில் ஒரே வேலை ஓடும்போது கடிகாரக் குறுக்கீட்டையும் பெரும்பாலும் நிறுத்திவைக்கும் வசதி 2013-இல் வந்தது. பல்லாண்டுகள் தனியே வளர்ந்த நிகழ்நேரத் திருத்தங்கள், 2024 நவம்பரில் வெளியான 6.12-ஆம் பதிப்பில் லினக்ஸின் மூலத்தோடு இணைந்தன.

இதைக் கேட்ட நண்பர், "நான்கு பேருக்குக் கூலி கொடுத்து, ஒருவனைச் சும்மா உட்காரவைக்கச் சொல்கிறீர்களே!" என்றார். நியாயமான கேள்வி. இரயில்வே கேட்டில் காவலிருப்பவர் நாளின் பெரும்பகுதி சும்மா இருப்பதாகவே தோன்றும். அதற்காக அவரைப் பயணச்சீட்டு விற்கவும் அனுப்புவோமா? வண்டி வரும் கணத்தில் அவர் அங்கே இருப்பதற்குத்தான் சம்பளம் தருகிறோம் என்றேன். நண்பர் சிரித்து இசைந்தார்.

ஆயினும் ஒதுக்கியதோடு வேலை முடிந்துவிடவில்லை. பெரும் கோப்புகளைப் பிரதி எடுத்துக்கொண்டும் படம் ஓடவிட்டும் பல மணி நேரம் சோதித்தபோது, நீண்ட தாமதம் ஒன்று எப்போதாவது தலைகாட்டியது. கோர்கள் தனித்தனியானாலும், நினைவகத்துக்குச் செல்லும் பாதையும், கேஷ் எனப்படும் இடைச் சேமிப்பின் ஒரு பகுதியும் அவற்றுக்குப் பொதுவானவை. அன்றியும், தாய்ப்பலகையில் பதிந்துள்ள அடிப்படை மென்பொருள், இயக்க முறைமையும் அறியாமல் செயலியைச் சிறிது நேரம் தன்வயப்படுத்திக்கொள்வதுண்டு. எங்கள் கணிப்பொறியில் குற்றவாளி வேறு. மின்சாரத்தைச் சேமிக்கவென, வேலையற்ற கோர் ஆழ்ந்த உறக்கத்தில் ஆழ்ந்து, விழிக்கக் காலம் பிடித்தது. அவ்வுறக்கத்தை விலக்கிய பின்னரே வளைவுகள் நேராயின.

எல்லாக் கணிப்பொறிக்கும் இது வேண்டுமென்று நான் சொல்லவில்லை. கடிதம் எழுதும் கணிப்பொறியில் ஒரு கோரை ஒதுக்குவது உண்மையிலேயே வீண். மற்றொன்றையும் சொல்லியாக வேண்டும். ஆபத்தில் இயந்திரத்தை நிறுத்தும் பொத்தானை எந்தக் கோரையும் நம்பி விடலாகாது. அது மின்சாரத்தை நேராகத் துண்டிப்பதாகவே இருக்க வேண்டும். தகடு போனால் வேறு தகடு வாங்கலாம். விரல் போனால் வாங்க முடியாது.

பாழான அந்தத் தகட்டை நண்பர் இன்றும் இயந்திரத்தின் அருகில் மாட்டி வைத்திருக்கிறார். புதிய கணிப்பொறி மட்டும் அவர் வாங்கவில்லை.