பச்சைக் குழந்தையைக் காக்கும் பழகிய கை

(மாதர் பகுதிக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



பால் வெட்டும் கத்தியைக் கையில் வாங்கிய முதல் நாளே எவரிடமும் நல்ல நிரையை ஒப்படைப்பதில்லை. கத்தி சற்று ஆழம் போனால் மரத்துக்குக் காயம். மேலாகப் போனால் பால் இல்லை. மரத்துக்கே இத்தனை கவனம் என்றால், பிறந்து இரண்டே நாளாகி மூச்சுக்குத் தவிக்கும் சிசுவைத் தொடும் கைக்கு எவ்வளவு பழக்கம் வேண்டும்? அதைப் பற்றியே இன்று பேச வந்தோம்.

குறைமாதத்தில் ஒரு கிலோ எடையோடு பிறந்த குழந்தையின் உடம்பில் உள்ள மொத்த இரத்தம் சுமார் 80 முதல் 90 மில்லிலிட்டர்தான். நாம் மரத்தில் மாட்டும் மங்கில் ஊற்றினால் அடியோடு நின்றுவிடும். பெரியவரிடம் எடுப்பதுபோல் சோதனைக்கு இரத்தம் எடுத்தால் அந்த உயிர் தாங்காது. மருந்துக் கணக்கில் ஒரு புள்ளி இடம் மாறினால் பத்து மடங்காகிவிடும். ஆக்சிஜன் குறைந்தால் மூளை கெடும்; மிஞ்சினால் கண் போகும். 1940களிலும் 1950களின் தொடக்கத்திலும் மேல்நாட்டு ஆஸ்பத்திரிகளில் ஆக்சிஜனைத் தாராளமாகக் கொடுத்ததால் ஆயிரக்கணக்கான குறைமாதக் குழந்தைகள் பார்வை இழந்தன. அங்கே நல்லெண்ணத்துக்குக் குறைவில்லை. அறிவுதான் பிறகு வந்தது.

சற்று வளர்ந்த பிள்ளையின் கதை வேறு. கடும் நோயிலும் அதன் உடம்பு கடைசிவரை சமாளித்து நிற்கும். பிறகு திடீரென்று சாயும். சாய்வதற்கு முன்னரே கண்டுகொள்ளப் பழகிய கண் வேண்டும்.

“வைத்தியர் சொன்னதைச் செய்வதுதானே மிஸ்ஸியின் வேலை?” என்று கேட்பவர்கள் உண்டு. அவர்களுக்கு ஓர் உண்மை நிகழ்ச்சியைச் சொல்கிறோம்.

இங்கிலாந்தில் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரியில் குறைமாதக் குழந்தைகள் பகுதிக்குப் பொறுப்பாக இருந்தவர் சிஸ்டர் வார்டு என்னும் தாதி. வெயில் நல்ல நாட்களில் குழந்தைகளை முற்றத்துக்குக் கொண்டு போவார். 1956ஆம் ஆண்டு ஒருநாள், மஞ்சள் கண்ட குழந்தை ஒன்றை வைத்தியர்களிடம் காட்டினார். உடம்பெல்லாம் மஞ்சள் வெளுத்திருந்தது. துணியின் மூலை மூடியிருந்த இடம் மட்டும் முக்கோணமாக அப்படியே இருந்தது. ஒளி பட்ட இடத்தில் மஞ்சள் குறைகிறது என்பதை அந்தத் தாதியின் கண் கண்டுவிட்டது. வைத்தியர்கள் ஆராய்ந்து 1958ல் முடிவை வெளியிட்டார்கள். இன்று உலகெங்கும் மஞ்சள் கண்ட சிசுக்களை நீல விளக்கின் கீழ் கிடத்துவது அதிலிருந்து வந்ததே!

தாய்மார்கள் இதைக் கேட்டு வீட்டு வாசலில் வெயில் காட்டி நாளைக் கடத்திவிடலாகாது. விளக்குக்கு அளவு உண்டு. கண்ணை மூட வேண்டும். உடம்பின் சூட்டையும் பாலையும் கவனிக்க வேண்டும். மஞ்சள் மூளைக்கு ஏறினால் சாவு, அல்லது செவிடு, கை கால் முடக்கம். சிங்கப்பூரில் இக்கொடுமை மிகுந்திருந்ததால்தான், 1965 முதல் தொப்புள்கொடி இரத்தத்தைச் சோதித்து, ஜி6பிடி என்னும் குறை உள்ள குழந்தைகளைப் பிறந்தவுடனே கண்டுபிடித்துக் காத்தார்கள். அக்குறை உள்ள குழந்தைக்கு, துணிப்பெட்டியில் போடும் நாப்தலீன் உருண்டையின் நெடியே ஆபத்து.

நம் நாட்டில் 1957ல் உயிரோடு பிறந்த ஆயிரம் குழந்தைகளில் சுமார் 75 குழந்தைகள் ஒரு வயதுக்குள் இறந்தன. இன்று அது பத்துக்கும் குறைவு. எஞ்சிய சாவுகளில் பாதிக்கு மேல் முதல் 28 நாட்களில் நேர்பவை. பிறந்தும் அழாத சிசுவுக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் மூச்சு வரவழைக்கும் பயிற்சித் திட்டம் மலேசியாவில் 1996ல் தொடங்கியது. மூன்றாண்டுத் தாதிப் படிப்புக்கு மேல், சிசுப் பராமரிப்புக்கும் குழந்தைப் பராமரிப்புக்கும் தனிப் பயிற்சியும் உண்டு. மூச்சு இயந்திரத்தைப் பணம் கொடுத்து வாங்கிவிடலாம். அதன் அருகில் இரவெல்லாம் விழித்திருக்கும் பழகிய கண்ணை வாங்க முடியாது; உருவாக்கத்தான் வேண்டும்.

ஆகவே நாம் கேட்பது மூன்று. தனிப் பயிற்சி பெற்ற தாதியரை வேறு வார்டுக்கு மாற்றி அவர்களுடைய பழக்கத்தை வீணாக்கலாகாது. பட்டண ஆஸ்பத்திரிகளுக்கு மட்டுமின்றி, தோட்டப்புறத்துக்கு அருகில் உள்ள ஆஸ்பத்திரிகளுக்கும் அவர்கள் வர வேண்டும். நம் பெண் பிள்ளைகளும் அப்படிப்பை அடைய வழி வேண்டும்.

நம் கடமையும் ஒன்று உண்டு. குழந்தை பால் குடிக்க மறுத்தாலும், நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலும், நெஞ்சு உள்ளே குழிந்தாலும், உடம்பு சில்லிட்டாலும், வலிப்புக் கண்டாலும், பிறந்த முதல் நாளே மஞ்சள் கண்டாலும், விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கிராணிமார்களே! அப்படிப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்க்குச் செக்ரோலில் அன்றைய பேர் விழுமா என்ற பயம் இருக்கலாகாது. அந்தப் பயத்தைப் போக்குவது உங்கள் பேனாவும் நமது சங்கமும் சேர்ந்து செய்ய வேண்டிய வேலை.

மரத்தைக் காக்கப் பழகிய கை நம் கை. நம் பிள்ளைகளைக் காக்கவும் பழகிய கை வேண்டும் என்று கேட்போம்.