நத்தம் கணவாயில் மீட்ட சாமிகள்

1798-இல் எகிப்து மீது படையெடுத்த நெப்போலியன், பீரங்கிகளோடு 150-க்கும் மேற்பட்ட அறிஞர்களையும் கப்பலில் ஏற்றிப் போனார். அவர்கள் பழங்கோயில்களை அளந்தார்கள், சித்திர எழுத்துகளைப் படியெடுத்தார்கள். இதைப் பள்ளிக்கூடத்திலேயே படித்துவிடுகிறோம். அதற்கு 43 ஆண்டுகளுக்கு முன்னால் நம் மதுரைச் சீமையில் நடந்தது பாடத்தில் வருவதில்லை.

1755-இல் கிழக்கிந்தியக் கும்பெனியின் கர்னல் ஹெரான் திருச்சியிலிருந்து கிளம்பினார். ஆர்க்காட்டு நவாபுக்காக மதுரை, நெல்லைச் சீமைகளில் வரி வசூலிப்பது வேலை. அறிஞர் என்று ஒருவரும் உடன் வரவில்லை. மதுரையிலிருந்து தப்பிய எதிரி ஒருவர் கோவில்குடிக் கோயிலில் பதுங்கியிருப்பதாகத் தகவல் வந்தது. திருமோகூர்க் கோயில்தான் அது என்பார்கள். பெரிய பீரங்கி கைவசம் இல்லை. கர்னலே வைக்கோல் பந்தத்தோடு ஓடிக் கதவுக்குத் தீ வைத்தார். அவர் பின்னால் இன்னொரு பந்தத்தோடு ஓடியவர் சிப்பாய்களின் தளபதி யூசுப்கான். மருதநாயகம் என்று நாம் சொல்பவர்தான்!

உள்ளே புகுந்தவர்கள் சாமி சிலைகளை மூட்டை கட்டினார்கள். திருப்பித் தரப் பணம் கேட்டார்கள். கிடைக்கவில்லை, தூக்கிக்கொண்டு போனார்கள். கலைப்பொருள் என்ற எண்ணமெல்லாம் கிடையாது. பித்தளைக்கு என்ன விலை வரும் என்பதே கணக்கு.

அந்தச் சாமிகளைக் கும்பிட்டுவந்த கள்ளர் சமூகத்தார் காத்திருந்தார்கள். மே 29 அன்று படை திருச்சிக்குத் திரும்பும் வழியில், நத்தம் கணவாயில் வண்டிகள் வரிசையாகத் திணறி நின்ற நேரம், இரண்டு பக்கக் காட்டிலிருந்தும் ஈட்டியோடு பாய்ந்தார்கள். 'சாமி, சாமி' என்று கூவிக்கொண்டே சிலைகளை மீட்டுப் போனார்கள். இதை எழுதிவைத்தவர் கும்பெனியின் வரலாற்றாசிரியர் ராபர்ட் ஓர்ம். ஹெரானைச் சென்னையில் இராணுவ நீதிமன்றம் விசாரித்து வேலையை விட்டே நீக்கியது.

எகிப்தில் கிடைத்த ரொசெட்டா கல் 1802 முதல் லண்டனில் இருக்கிறது. நம் சாமிகள் சில மாதங்களிலேயே ஊர் திரும்பிவிட்டன. எனக்கு இதுதான் பெரிய வெற்றி.

ஹெரான் பின்னால் பந்தத்தோடு ஓடிய யூசுப்கானை, ஆர்க்காட்டு நவாபே 1764-இல் மதுரையில் தூக்கிலிட்டார். உடலைத் துண்டாக்கிப் பல ஊர்களுக்கு அனுப்பியதாகவும், ஒரு கால் பெரியகுளத்துக்கு வந்ததாகவும் சொல்வார்கள். மதுரையில் அவர் அடக்கமான சம்மட்டிபுரம் தேனி சாலையில்தான் இருக்கிறது. பெரியகுளத்து நேயர்களே, அந்தக் காலைப் பற்றி உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு நிலையத்துக்கு எழுதுங்கள்.