மின்சாரமும் மூன்றாங் கம்பியும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் சுருக்கம்)



தமிழ் கற்பிக்கும் யாம் மின்சாரம் பற்றிப் பேசப் புகுந்தது சிலர்க்கு வியப்பாகலாம். காரணம் எம் இல்லத்தே நிகழ்ந்தது. மாவரைக்கும் இயந்திரத்தின்மேற் கைபட்டால் 'சுருக்'கென்கிறதென்று எம் மனைவி பன்முறை கூறினாள். "செருப்பணிந்து அரைத்துக்கொள்" என்று விடையிறுத்து வாளா இருந்தோம். பின்னர் மின்பணியாளர் ஒருவர் வந்து நோக்கியபோது, நிலத்தொடுப்புக் கம்பி சுவரினுள்ளேயே முடிந்திருக்கக் கண்டார். எம் அறியாமையால் ஓருயிர் போயிருக்கக்கூடும். அந்நாணமே இவ்வுரைக்குக் காரணம்.

2018-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்களிற் கஜா புயல் நம் மாவட்டத்து மின்கம்பங்களைச் சாய்த்தபோது, பல ஊர்கள் பலநாள் இருளிற் கிடந்தன. மின்சாரம் இல்லாதபோது அதன் அருமையை அறிந்தோம். உள்ளபோது அதன் இயல்பை அறிந்தோமில்லை.

இல்லத்திற்கு வருவது 230 வோல்ட் அழுத்தமுள்ள மாறுதிசை மின்னோட்டம். டார்ச் விளக்கின் மின்கலத்தில் மின்சாரம் ஒரே திசையில் ஓடும். இதுவோ ஊஞ்சல்போல் முன்னும் பின்னும் ஆடும். ஒரு நொடியில் 50 சுற்று. அஃதாவது 100 முறை திசை மாறும். இது தசைகளை இறுக்குதலால் பற்றிய கை விடாது. நெஞ்சின் துடிப்பும் நிலைகுலையும்.

பேஸ் கம்பிவழி வரும் மின்சாரம் நியூட்ரல் கம்பிவழி மீளும். நியூட்ரல், மின்மாற்றியிடத்தே நிலத்தோடு இணைக்கப்பட்டுள்ளது. ஆதலின் தரையில் நின்று பேஸ் கம்பியைத் தொடுவோன் உடலும் மீளும் வழியாகிவிடும்.

"எம் வீட்டிற் பியூஸ் உண்டே" என்பர் சிலர். பியூஸ் காப்பது கம்பியை, ஆளையன்று. ஈரவுடலின் தடையை 1,000 ஓம் எனக் கொள்வோம். 230-ஐ அதனால் வகுப்பின், உடலில் ஓடுவது 230 மில்லி ஆம்பியர். உயிர்போக்க அது போதும். 5 ஆம்பியர் பியூசோ 5,000 மில்லி ஆம்பியர் தாங்கும். ஆள் மாய்ந்தாலும் அது அறாது!

மூன்றாங் கம்பி இயந்திரத்தின் உலோகவுடலை நிலத்தோடு பிணைப்பது. கசியும் மின்சாரம் பெரும்பாலும் அவ்வழியே ஓடிவிடும். ஆனால் நம் பக்கத்துச் செம்புறைநிலம் கோடையிற் காய்ந்தால் தடை மிகும். எர்த்குழியின் தடை 50 ஓம் ஆயின் 4.6 ஆம்பியரே ஓடும்; பியூஸ் எரியாது; இயந்திரத்தில் அழுத்தம் நிற்கும். ஆதலின் குழியைக் கரியும் உப்புமிட்டு அமைத்து, கோடையில் நீரூற்றி வருதல் வேண்டும்.

இதற்கு மேற்காவல் ஆர்.சி.சி.பி. என்னும் கருவி. சென்றதும் மீண்டதும் ஒத்துளவா என்று அது கணக்கப்பிள்ளைபோல் ஓயாது ஒப்பிடும். 30 மில்லி ஆம்பியர் குறைவதற்குள் இணைப்பை அறுத்துவிடும். பேஸ், நியூட்ரல் இரண்டையும் ஒருங்கே தொடுவோரை மட்டும் அது காவாது. அதன் சோதனைப் பொத்தானைத் திங்கள்தோறும் அழுத்திப் பார்த்தல் நன்று.

எவரேனும் மின்சாரத்திற் சிக்குண்டால் பதறித் தொடற்க. முதலில் மெயினை அணைத்து, பின்னரே அணுகி, 108-க்குச் சொல்லுக.

அன்பர்களே! வீடு கட்டுங்கால் வாயிற்கதவுக்கும் வண்ணத்திற்கும் பொருளை வாரி இறைக்கின்றோம். மண்ணுள் மறையும் எர்த்குழிக்கோ சிக்கனம் பார்க்கின்றோம். இனி, 'சுருக்'கென்றது என்று இல்லத்தார் கூறின், செருப்பைக் காட்டாது, அன்றே அவ்வியந்திரத்தை நிறுத்திக் கம்பியை ஆராய்வோமாக.