அழாத குழந்தைக்கும் வலி உண்டு
(காமயகவுண்டன்பட்டியில் ஆற்றிய உரை)



நம் கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு குழந்தைக்குப் பெரிய அறுவை மருத்துவம் தேவைப்பட்டால், சின்னமனூரையும் தேனியையும் கடந்து க.விலக்கில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ மதுரைக்கோ செல்கிறோம். அறுவை நலமாய் முடிந்தது எனக் கேட்டதும் நம் மனம் ஆறுகிறது. குழந்தையின் துன்பமோ மயக்கம் தெளிந்த பின்னர்த் தொடங்குகிறது.

பச்சிளங் குழவிக்கு வலி அவ்வளவாகத் தெரியாது என மருத்துவ உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது. 1980களில்கூட, மேலைநாடுகளில் குறைமாதக் குழந்தைகளுக்குப் போதிய வலிநீக்க மருந்தின்றி அறுவை நிகழ்ந்ததுண்டு. இந்தூரில் மருத்துவம் பயின்று ஆக்ஸ்போர்டில் ஆய்வு மேற்கொண்ட கன்வல்ஜீத் சிங் ஆனந்த் அவ்வெண்ணத்தை மாற்றினார். அறுவையின்போது வலிநீக்க மருந்தும் சேர்த்துப் பெற்ற குழந்தைகளின் உடல் குறைவாகவே அதிர்ந்தது, பின்விளைவுகளும் குறைந்தன. 1987இல் அவ்வாய்வு லான்செட் ஏட்டில் வெளிவந்தது.

இவ்வறிவு கட்டிலருகே வந்து சேரவேண்டும். அங்கே இரவும் பகலும் நிற்பவர் செவிலியர். பேசத் தெரியாத குழந்தையின் வலியை அவர் எவ்வாறு அறிவார்? அதற்கு ஃப்ளாக் அளவை என்றொரு முறை உண்டு. முகம், கால்கள், உடலசைவு, அழுகை, தேற்றினால் தேறும் இயல்பு ஆகிய ஐந்துக்கும் 0 முதல் 2 வரை மதிப்பிட்டுக் கூட்டுவர். 10க்கு எவ்வளவு என விளங்கும். சற்று வளர்ந்த குழந்தை, சிரிக்கும் முகம் முதல் அழும் முகம் வரை வரைந்த படங்களில் தன் நிலையைத் தொட்டுக் காட்டும். காய்ச்சலைக் குறிப்பதுபோல் வலியையும் குறித்தல், எடைக்கேற்ப மருத்துவர் எழுதிய மருந்தை நேரம் தவறாது தருதல், மீண்டும் அளந்து பார்த்தல் ஆகியவையே பயிற்சியின் சாரம்.

அழாமல் சுருண்டு கிடக்கும் பிள்ளையைச் சமர்த்து என்கிறோம். அசைந்தால் வலிக்கும் என்று அஞ்சியும் அது அவ்வாறு கிடக்கலாம். வலிக்கு அஞ்சி ஆழ மூச்சிழுக்காத, இருமாத பிள்ளைக்குச் சளி கட்டி, நுரையீரலும் நலிவுறும்.

நாம் போற்றும் நால்வகைத் தானங்களுள் மருந்து, கல்வி, அபயம் என்னும் மூன்றும் செவிலியர்க்கு இப்பயிற்சி அளிப்பதில் ஒருங்கே அமைகின்றன. அறக்கட்டளையினர் இதனை மனத்திற்கொள்ள வேண்டுகிறேன். தாய்மார்களே, மருத்துவமனையில் “பிள்ளைக்கு வலி எவ்வளவு இருக்கிறது, பார்த்தீர்களா அம்மா?” என்று செவிலியரிடம் தயங்காது கேளுங்கள்.